டிலீட் செய்த பதிவுகளும் மாறிப்போன ஐடிகளும்: நன்கொடையாளர் பட்டியலை மீட்டெடுத்த கதை

இரண்டு மென்பொருள் ஒன்றோடொன்று சிங்க் ஆகிக்கொண்டிருக்கும்போது, அதாவது ஒன்றில் மாறுவது மற்றதிலும் தானாக மாறிக்கொண்டிருக்கும்போது, ஒன்றில் இருக்கிற ஆட்களின் பதிவுகளை யாராவது மொத்தமாக டிலீட் செய்துவிட்டால் மற்றதில் என்ன நடக்கும், அதை எந்த ஒழுங்கில் சரிப்படுத்த வேண்டும் என்று தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று அந்த நாட்களில் நான் தேடாத இடமில்லை. ஆங்கிலத்தில் கிடைத்ததும் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. ஒவ்வொரு துண்டையும் ஒட்டிப் பார்த்து நானாகவே வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. என்னைப் போல இன்னொருவர் தனியாக இருந்து தலையைப் பிய்த்துக்கொள்ளக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். இப்போதே இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு வாசிக்கிறீர்கள் என்றால், மிச்சத்தை வாசிக்க முதல் இரண்டு காரியம் செய்யுங்கள். சிங்க்கை நிறுத்துங்கள். பழைய எக்செல் பட்டியலைத் திரும்ப ஏற்ற வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான் மட்டக்களப்பில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்துக்குக் கல்லடியில் வீட்டிலிருந்து பகுதிநேரமாக வேலை செய்கிறேன். படுவான்கரைப் பக்கம், வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சாமான், சைக்கிள், மாலை வகுப்பு ஆசிரியர்களுக்கான கொடுப்பனவு, இவைதான் நிறுவனத்தின் வேலை. பணம் பெரும்பாலும் கனடாவிலும் சுவிஸிலும் லண்டனிலும் இருக்கிற நம்மவர்கள் அனுப்புவது. யார் எப்போது எவ்வளவு தந்தார்கள் என்ற விபரமெல்லாம் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற, ஆட்களின் தொடர்பு விபரங்களை இணையத்தில் வைத்திருக்கும் மென்பொருளில் இருக்கிறது. தொண்டு நிறுவனங்களுக்கு 10 லைசன்ஸ் (பத்துப் பேர் பாவிக்கும் அனுமதி) இலவசமாகக் கொடுக்கிறார்கள், அதனால்தான் எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு அது கட்டுப்படியாகிறது. நன்றிக் கடிதம், மாரிக்கு முந்திய வேண்டுகோள் கடிதம், பிள்ளைகளின் படங்களோடு போகும் செய்தி மடல் எல்லாம் இன்னொரு மின்னஞ்சல் மென்பொருளில் இருந்து போகும். அதற்குப் பணம் கட்டுகிறோம், அதுவும் பட்டியலில் இருக்கிற ஆட்களின் தொகைக்கு ஏற்ப. இரண்டுக்கும் நடுவில் ஒரு இணைப்பு சில நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடி, ஒன்றில் மாறியதை மற்றதில் மாற்றும்.

இந்த இணைப்பு ஆட்களைப் பெயரை வைத்துப் பார்ப்பதில்லை, ஐடியை, அதாவது மென்பொருள் ஒவ்வொரு பதிவுக்கும் கொடுக்கிற அடையாள இலக்கத்தை, வைத்துத்தான் பார்க்கிறது. சேல்ஸ்ஃபோர்ஸில் ஒரு தொடர்புப் பதிவு உண்டாகும்போதே 003 என்று தொடங்குகிற ஒரு ஐடி அதற்குக் கிடைக்கிறது, அதை யாராலும் மாற்ற முடியாது. மின்னஞ்சல் மென்பொருள் அந்த ஐடியைத் தன் பக்கத்துப் பதிவில் எழுதி வைத்துக்கொள்கிறது. வங்கிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஒருவர் தன் கணக்கை மூடிவிட்டு அதே கிளையில் அதே பெயரில் புதுக் கணக்குத் திறந்தால், பெயரும் ஆளும் ஒன்றுதான், ஆனால் பழைய இலக்கத்துக்குப் போடுகிற காசு வந்து சேராது. ஒரு பதிவை டிலீட் செய்துவிட்டு அதே ஆளைத் திரும்பச் சேர்ப்பதும் அப்படித்தான். திரையில் பார்க்க எல்லாம் சரியாகத் தெரியும். உள்ளே இலக்கம் வேறு.

நடந்தது இதுதான். கந்தோருக்குப் புதிதாக வந்த ஒரு உத்தியோகத்தர் பட்டியலைத் துப்புரவாக்கச் சொல்லப்பட்டார். மின்னஞ்சல் மென்பொருளின் கட்டணம் ஏறிக்கொண்டு போனதால் பணிப்பாளருக்கும் அது தேவைப்பட்டது. ஒரே ஆள் இரண்டு தடவை இருப்பது போலத் தெரிந்த பதிவுகளையும், கனகாலமாகப் பணம் தராதவர்களையும் அவர் சேல்ஸ்ஃபோர்ஸில் தெரிவு செய்து டிலீட் செய்திருக்கிறார், இரண்டு கட்டமாக. இரட்டைப் பதிவு என்றால் மேர்ஜ் செய்ய வேண்டும், அதாவது இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும், டிலீட் செய்யக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கூடாத மனிதர் இல்லை, நல்ல பிள்ளை, வேலையை அக்கறையாகச் செய்தவர். அவர் மேல் கோபப்பட்டவர்களோடு எனக்கு அப்போதும் உடன்பாடு இல்லை, இப்போதும் இல்லை. ஒரு பொத்தானை அமத்தினால் மூவாயிரத்துச் சொச்சம் ஆட்களின் தொடர்பு அறுந்துபோகும் என்றால் அந்தப் பொத்தானை எல்லோருக்கும் திறந்து வைத்ததுதான் பிழை. டிலீட் உரிமை இப்போது எங்களிடம் இரண்டே இரண்டு பேருக்குத்தான் இருக்கிறது. உங்கள் இடத்திலும் இன்றைக்கே அதைப் பாருங்கள், இதற்குக் காசு செலவில்லை.

ஐப்பசிக் கடைசியில், மாரிக்கு முந்திய வேண்டுகோள் கடிதம் போன அடுத்த நாள், கனடாவில் இருந்து ஒரு அம்மா எனக்கு வட்ஸ்அப்பில் எடுத்தார். கணவர்தான் எங்களுக்கு ஒவ்வொரு வருஷமும் பணம் அனுப்பியவர், காலமாகிவிட்டார். அப்போதே அம்மா சொல்லி, அவருடைய பதிவில் காலமானவர் என்ற கட்டத்தில் அடையாளமிட்டு, இனிக் கடிதம் போகாமல் செய்து வைத்திருந்தேன். “மகள், அவர் போய் ரெண்டு வருஷமாகப் போகுது. நேற்று அவர்ட பேருக்குக் கடிதம் வந்திருக்கு. அன்புள்ள ஐயா, இந்த வருஷமும் உங்கள் உதவி வேணும் எண்டு கிடக்கு. நான் வாசிச்சுப் போட்டு அப்படியே இருந்திட்டன். மறுகா உங்களுக்குத்தான் எடுப்பம் எண்டு எடுத்தன்,” என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன், அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. போனை வைத்துவிட்டு அவருடைய பதிவைத் திறந்தேன். பெயர் இருக்கிறது, மின்னஞ்சல் இருக்கிறது. காலமானவர் என்ற கட்டம் வெறுமை. அவர் தந்த நன்கொடை ஒன்றுகூட இல்லை. பதிவு உண்டான திகதி போன கிழமை. உண்டாக்கியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சிங்க் இணைப்புக்காக நாங்கள் வைத்திருந்த பயனர் பெயர். அப்போதுதான் விளங்கியது, இது அவருடைய பழைய பதிவே இல்லை.

அதாவது, சேல்ஸ்ஃபோர்ஸில் டிலீட் ஆனாலும் மின்னஞ்சல் மென்பொருளில் அந்த ஆள் அப்படியே இருந்திருக்கிறார். சிங்க் ஓடியபோது பழைய ஐடிக்குப் போய்த் தட்டியது, அங்கே ஆள் இல்லை. சிலருக்கு அது பிழைச் செய்தியோடு நின்றுவிட்டது. சிங்க் ஓடும்போது நடந்ததை எழுதி வைக்கும் சிங்க் லொக்கில் ‘எண்டிட்டி இஸ் டிலீட்டட்’ (பதிவு அழிக்கப்பட்டுவிட்டது) என்ற வரி நூற்றுக்கணக்கில் கிடந்தது, அதை யாரும் திறந்து பார்க்கவில்லை. வேறு சிலருக்கு, மின்னஞ்சல் பக்கத்தில் ஏதாவது ஒரு சின்ன மாற்றம் வந்ததும், இணைப்பு ஆளைக் காணவில்லையே என்று சேல்ஸ்ஃபோர்ஸில் புதுப் பதிவையே உண்டாக்கிவிட்டது. புதுப் பதிவுக்குப் புது ஐடி, பழைய வரலாறு எதுவும் இல்லை. மூன்றாவது ஒரு ரகம் இருந்தது, அதுதான் மோசம். இரட்டைப் பதிவில் ஒன்றை டிலீட் செய்ய, மற்றது வேறொரு ஆளுடையதாக இருந்திருக்கிறது. அப்பாவும் மகனும் ஒரே மின்னஞ்சலைப் பாவித்ததால் ஒரே ஆள் போலத் தெரிந்தவர்கள். அங்கே மின்னஞ்சல் மென்பொருளில் அப்பாவின் பதிவு மகனின் ஐடியைப் பிடித்துக்கொண்டு நின்றது. இந்த மூன்று ரகத்தையும் முதலில் பிரிக்காமல் திருத்தத் தொடங்கினால், ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்றதைக் கெடுப்பீர்கள்.

சிங்க்கை நிறுத்தச் சொன்னபோது நிர்வாகத்தில் பெரிய எதிர்ப்பு. வேண்டுகோள் போகிற நேரம், வருஷ வருமானத்தில் பெரும்பங்கு வருகிற மாதங்கள், இப்போது போய் நிறுத்துவதா என்றார்கள். நிறுத்தாவிட்டால் ஒவ்வொரு தடவை ஓடும்போதும் இன்னும் சில புதுப் பதிவு உண்டாகும், நாங்கள் இந்தப் பக்கம் திருத்தத் திருத்த அது அந்தப் பக்கம் கெடுக்கும் என்று விளங்கப்படுத்தத்தான் எனக்கு அதிக நேரம் போனது. நிர்வாகசபையில் ஒருவர், பழைய எக்செல் பட்டியல் இருக்கிறதே, அதை அப்படியே ஏற்றிவிடலாமே என்று கேட்டார். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஏற்றினால் எல்லாருக்கும் மூன்றாவதாக ஒரு புது ஐடி வரும். பழையதில் தொங்குகிற நன்கொடை பழையதோடேயே நிற்கும், இனி எது மூலப் பதிவு என்று கண்டுபிடிக்கவே முடியாமல் போகும். கடைசியில் பொருளாளர்தான் எனக்காகப் பேசி நிறுத்த வைத்தார். நிறுத்தும்போது இணைப்பை முற்றாகக் கழற்றிவிடாதீர்கள், இடைநிறுத்தினால் போதும். கழற்றினால் இரு பக்கத்துக்கும் நடுவில் எந்தக் கட்டம் எந்தக் கட்டத்தோடு பொருந்துகிறது என்ற அமைப்பையும் திரும்ப முதலில் இருந்து செய்ய வேண்டி வரலாம்.

அடுத்தது ரீசைக்கிள் பின், டிலீட் செய்தவை போய்க் கிடக்கும் குப்பைக்கூடை. சேல்ஸ்ஃபோர்ஸில் டிலீட் செய்தது 15 நாள் அங்கே இருக்கும். அதற்குள் மீட்டெடுத்தால் பழைய ஐடியோடேயே திரும்பி வரும், அதுதான் அதன் பெறுமதி. எனக்கு விஷயம் தெரிய வந்தபோது முதற்கட்டமாக டிலீட் செய்தது அந்தக் கெடுவைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டாம் கட்டம் இன்னும் கிடந்தது, ஆனால் கன நாள் இல்லை. யார் எப்போது டிலீட் செய்தார் என்பதை ரீசைக்கிள் பின்னிலேயே பார்க்கலாம். மீட்க முதல் டேட்டா லோடர் என்ற, பதிவுகளை மொத்தமாக இறக்கவும் ஏற்றவும் உதவும் சேல்ஸ்ஃபோர்ஸ் கருவியை எடுத்து, அதில் சாதாரண ஏற்றுமதிக்குப் பதிலாக ‘எக்ஸ்போர்ட் ஓல்’ என்பதைத் தெரிவு செய்து, டிலீட் ஆனவற்றையும் சேர்த்து முழுப் பட்டியலையும் ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டேன். இதைக் கட்டாயம் செய்யுங்கள். அதில் ‘மாஸ்டர் ரெக்கோட் ஐடி’ என்று ஒரு நிரல் இருக்கிறது. யாராவது முறையாக மேர்ஜ் செய்து அதனால் மறைந்த பதிவு என்றால், அது எந்தப் பதிவுக்குள் போய்ச் சேர்ந்தது என்பது அந்த நிரலில் இருக்கும். வெறுமனே டிலீட் செய்ததென்றால் அது வெறுமையாக இருக்கும். மேர்ஜ் ஆனதை மீட்கத் தேவையில்லை, மீட்டால் ஒழிந்த இரட்டை திரும்பவும் வரும். வெறுமையாக இருக்கிறதை மட்டும் மீட்டேன். மீட்கும்போது நன்கொடைப் பதிவுகளில் அந்த ஆளின் பெயரும் பெரும்பாலும் தானாகத் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் இடையில் யாராவது அந்த இடத்தில் வேறு பெயரைப் போட்டிருந்தால் திரும்பி வராது. அப்படிப் போடப்பட்டவை எங்களிடம் கொஞ்சம் இருந்தன. வங்கிக் கூற்றையும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து அவற்றைக் கையால் திருத்தினேன்.

முதற்கட்டம்தான் என்னை அழவைத்தது. 15 நாள் தாண்டியதற்குச் சேல்ஸ்ஃபோர்ஸ் தன் பக்கத்தில் இருந்து மீட்டுத் தரும் ஒரு சேவை இருக்கிறது. 2020 இல் அதை நிறுத்தி 2021 இல் திரும்பத் தொடங்கினார்கள். கட்டணம் 10,000 டொலரில் தொடங்குகிறது, கிழமைக்கணக்கில் நேரமும் எடுக்கும். எங்கள் நிறுவனத்துக்கு அது நினைத்துப் பார்க்கக்கூடிய தொகை இல்லை. இலவசமான வழி வாராந்த ஏற்றுமதி. முழுத் தரவையும் கோப்புகளாக்கி, தயாராகிவிட்டது என்று மின்னஞ்சல் அனுப்பும். அது எங்களிடம் யாரோ முன்பே அமைத்து வைத்த மாதிரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தக் கோப்பு 48 மணித்தியாலத்தில் அழிந்துவிடும், அதற்குள் யாராவது இறக்கி வைக்க வேண்டும். மின்னஞ்சல் போனது வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரிக்கு. கிழமை கிழமையாக எங்கள் பேக்கப் உண்டாகி, யாரும் தொடாமலே அழிந்துகொண்டிருந்திருக்கிறது. அதைக் கண்டபோது வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. நல்லகாலம், கணக்காய்வுக்காக அந்த வருஷம் ஒரு தடவை மட்டும் கணக்காளர் முழு ஏற்றுமதியையும் இறக்கித் தன் பென் டிரைவில் வைத்திருந்தார். அது கிடைத்திருக்காவிட்டால் இந்தக் கதைக்கு முடிவே இருந்திருக்காது.

அப்புறம் எக்செல். நாட்களை விழுங்கியது இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பென் டிரைவில் இருந்த பழைய பட்டியல், இப்போது சேல்ஸ்ஃபோர்ஸில் இருக்கிற பட்டியல், மின்னஞ்சல் மென்பொருளின் பட்டியல், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்த வேண்டும். முதல் நாள் வி-லுக்கப் (ஒரு பட்டியலில் இருப்பதை மற்றதில் தேடிப் பொருத்தும் எக்செல் சூத்திரம்) போட்டேன், அழகாகப் பொருந்தியது. பொருந்திய சில பேரை எழுந்தமானமாக எடுத்துப் பார்த்தால் ஆள் மாறியிருக்கிறது. ஆரையம்பதி ஆசிரியை ஒருவருக்கு நேரே சுவிஸில் இருக்கிற ஒருவரின் நன்கொடை. காரணம் இதுதான்: சேல்ஸ்ஃபோர்ஸ் ஐடி 15 எழுத்திலும் வரும், 18 எழுத்திலும் வரும். ரிப்போட்டில் இருந்து இறக்கினால் 15, டேட்டா லோடரில் இறக்கினால் 18. அந்த 15 எழுத்து ஐடியில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு ஆள். எக்செலின் வி-லுக்கப்புக்கோ பெரியதும் சின்னதும் ஒன்றுதான். அதிலும் ஒரு பட்டியலை மொத்தமாக ஏற்றிய அன்றைக்கு உண்டான ஐடிகள் வரிசையாக ஓடும், கடைசி எழுத்து மட்டும் மாறிக்கொண்டு போகும். ஒருவருக்குப் பெரிய எழுத்தில் முடிந்தால், கொஞ்சப் பேர் தள்ளி இன்னொருவருக்கு அதே எழுத்தின் சின்னதில் முடியும். அதனால் இது எப்போதாவது நடக்கிற அபூர்வம் இல்லை, கட்டாயம் நடக்கும். 18 எழுத்து ஐடியில் கடைசி மூன்று எழுத்து இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் இருக்கிறது. ஆகவே பொருத்தும் வேலைக்கு 18 எழுத்தை மட்டும் பாவியுங்கள். ரிப்போட்டில் இருந்தே எடுக்க வேண்டியிருந்தால், ‘கேஸ்சேஃப்ஐடி’ என்ற சூத்திரத்தை வைத்து ஒரு நிரலை உண்டாக்கினால் 18 எழுத்தாக வரும். எந்த மென்பொருள் எத்தனை எழுத்தைச் சேமித்து வைத்திருக்கிறது என்பதை வேலை தொடங்க முதலே பாருங்கள். எங்கள் மின்னஞ்சல் பக்கத்தில் இரண்டும் கலந்து கிடந்தது.

ஐடி இல்லாத இடத்தில் மின்னஞ்சலை வைத்துப் பொருத்தலாம் என்றால் அதற்குள் எங்கள் ஊர் நடைமுறை வந்து நிற்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரு மின்னஞ்சல். அப்பா, அம்மா, கட்டிக்கொடுத்த மகள் எல்லாரும் மகனின் முகவரியைத்தான் தருவார்கள். சேல்ஸ்ஃபோர்ஸ் ஒரே மின்னஞ்சலோடு பல ஆளை வைத்திருக்க விடும், எங்கள் மற்ற மென்பொருள் ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு ஆள் என்றுதான் பார்க்கும். பெயரை வைத்துப் பொருத்தலாம் என்றால், ஒருவர் முதலெழுத்தை முன்னால் போடுவார், இன்னொருவர் அப்பாவின் பெயரைக் கடைசியில் முழுசாக எழுதுவார், சுவிஸ் வங்கிக் கூற்றில் இரண்டும் இடம் மாறி வரும். தர்மலிங்கம் என்ற ஒரே ஆளின் பெயர் ஆங்கிலத்தில் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று இடத்தில் இருந்தது. தொலைபேசி இலக்கத்தைப் பார்த்தால், எக்செல் முன்னால் இருக்கிற பூச்சியத்தைத் தின்றுவிட்டிருக்கிறது. ஒருவர் 077 என்று தொடங்கியதை இன்னொருவர் 94 போட்டு எழுதியிருக்கிறார். கடைசி ஒன்பது இலக்கத்தை மட்டும் வெட்டி எடுத்து ஒப்பிட்டதில்தான் இலங்கை இலக்கங்கள் ஓரளவு பொருந்தின. தமிழில் இருந்த பெயர்களும் குறிப்புகளும் கோப்பை நேரே இரண்டு தடவை தட்டித் திறந்ததும் கிறுக்கலாகிப் போயின. அப்படித் திறந்து சேமித்தால் தமிழ் திரும்பி வராது. எக்செலுக்குள் போய் டேட்டா என்ற பகுதியில் இருந்து கோப்பை உள்ளே எடுத்து, யூடிஎஃப் 8 (தமிழ் எழுத்தைச் சரியாகக் காட்டும் குறியீட்டு முறை) என்று தெரிவு செய்து, தொலைபேசி நிரலையும் ஐடி நிரலையும் டெக்ஸ்ட் என்று வைத்துத் திறக்க வேண்டும். மூலக் கோப்பை எப்போதும் தனியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

எதுவும் தனியாக நம்பக்கூடியதாக இல்லாததால் நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். மின்னஞ்சல், தொலைபேசி, கடைசி நன்கொடையின் தொகையும் திகதியும், இந்த மூன்றில் இரண்டு பொருந்தினால்தான் அதே ஆள். ஒன்று மட்டும் பொருந்தினால் மஞ்சள் நிறம், கையால் பார்க்க வேண்டும். ஊகித்து எதையும் சேர்ப்பதில்லை. இது மெதுவானது, ஆனால் இறந்த ஒருவரின் பெயருக்குத் திரும்பக் கடிதம் போவதைவிட மெதுவாகப் போவது மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சிங்க் தானாக உண்டாக்கிய போலிப் பதிவுகளைப் பிரித்தெடுப்பது மட்டும் இலகுவாக இருந்தது: உண்டாக்கியவர் இணைப்புப் பயனர், உண்டான திகதி முதல் டிலீட்டுக்குப் பிந்தியது, நன்கொடை பூச்சியம். இந்த மூன்றையும் வைத்து வடித்தால் ஒரே பட்டியலில் வந்துவிடும். இதற்காகவே இணைப்புக்கு என்று தனிப் பயனர் பெயர் வைத்திருங்கள். யாராவது உத்தியோகத்தரின் பெயரில் இணைப்பை ஓட்டினால் மனிதன் செய்தது எது, மென்பொருள் செய்தது எது என்று பிறகு பிரிக்க முடியாது.

திருத்துகிற ஒழுங்கும் முக்கியம். முதலில் மீட்பது. பிறகு சேல்ஸ்ஃபோர்ஸுக்குள் பழையதையும் புதியதையும் மேர்ஜ் செய்வது, பழையதை மாஸ்டராக, அதாவது மிஞ்ச வேண்டிய பதிவாக, வைத்து. மாஸ்டரின் ஐடிதான் மிஞ்சும், நன்கொடை வரலாறு இருக்கிறது பழையதில்தான். ஒரு தடவைக்கு மூன்று பதிவுவரைதான் சேர்க்கலாம், ஆகவே பொறுமை வேண்டும். சேர்க்கும்போது எந்தக் கட்டத்தின் பெறுமதி மிஞ்ச வேண்டும் என்று கேட்கும், அங்கே ‘கடிதம் அனுப்ப வேண்டாம்’, ‘காலமானவர்’ போன்ற கட்டங்களில் கண் வையுங்கள். எந்தப் பதிவில் அந்த அடையாளம் இருந்தாலும் அதுதான் மிஞ்ச வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் மின்னஞ்சல் பக்கத்தைத் தொட வேண்டும். எங்கள் மென்பொருளில் அந்த ஐடிக் கட்டத்தைக் கையால் மாற்ற விடாது. அங்கே ஆளை டிலீட் செய்து திரும்பச் சேர்த்தால் சரிவரும் என்று ஒருவர் சொன்னார். செய்யவில்லை, செய்திருந்தால் யார் கடிதத்தைத் திறந்தார், யார் இனி வேண்டாம் என்றார் என்ற வரலாறு முழுவதும் போயிருக்கும். அவர்களின் உதவிப் பிரிவுக்கு எழுதி, ஐடிப் பிணைப்பை மட்டும் அறுத்து, நான் கொடுக்கிற பட்டியலின்படி புதிதாகப் பிணைக்கச் செய்தேன். பிறகு நிர்வாகசபை ஆட்களையும் எங்கள் வீட்டாரையும் மட்டும் ஒரு சின்னக் குழுவாக வைத்துச் சிங்க்கை ஓட்டி, இரு பக்கமும் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன்.

இதற்குள் மாரியும் வந்துவிட்டது, மின்சாரம் போய் வந்துகொண்டிருந்தது, லப்டொப் பற்றரி இறங்க முதல் இன்னும் ஒரு பக்கம் முடிப்போம் என்று இரவிரவாக இருந்திருக்கிறேன். மாதம் 45,000 ரூபா தருவதாக வந்த வேறொரு வேலையை நேரமில்லை என்று விட்டேன். இதற்காக நான் கூடுதலாகச் செய்த நேரத்துக்கு நிறுவனத்தால் பாதிக்கும் குறைவாகத்தான் தர முடிந்தது. போலிப் பதிவுகளால் ஆட்தொகை கூடி மின்னஞ்சல் மென்பொருள் எங்களை மேல் கட்டணத்துக்குத் தள்ளிவிட்டது, அந்த வித்தியாசத்தைத் திருப்பித் தரவில்லை. மாதாந்தம் அனுப்பிய சிலர் பிழையான பெயரில் நன்றிக் கடிதம் வந்ததால் நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவர் ஒரு ஆசிரியையின் முழுக் கொடுப்பனவையும் தந்தவர். ஒரு மாலை வகுப்பு இரண்டு மாதம் நின்றுபோனதற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும், அதை நினைத்தால் இன்னும் மனம் பொறுக்காது. தனியாக இருந்து செய்யாதீர்கள் என்றும் சொல்வேன். ஒருவர் பொருத்தியதை இன்னொருவர் பார்க்க வேண்டும், களைத்த கண்ணுக்கு எல்லா ஐடியும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இப்போது ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் நாங்களே கொடுக்கிற ஒரு இலக்கம் இருக்கிறது. சேல்ஸ்ஃபோர்ஸில் அதை ‘எக்ஸ்டேர்னல் ஐடி’ என்றும் இரண்டு பேருக்கு ஒன்று வரக்கூடாது என்றும் அமைத்து வைத்திருக்கிறேன். மின்னஞ்சல் மென்பொருளிலும் பற்றுச்சீட்டிலும் அதே இலக்கம். எந்த மென்பொருள் நாளைக்கு எந்தப் பதிவுக்கு எந்தப் புது ஐடியைக் கொடுத்தாலும் அந்த இலக்கத்தை வைத்து ஆளைப் பிடிக்கலாம். பட்டியலை ஏற்றும்போதும் இன்சேர்ட் பாவிப்பதில்லை, அப்சேர்ட்தான். அந்த இலக்கம் ஏற்கனவே இருந்தால் திருத்தும், இல்லாவிட்டால் மட்டும் புதிதாகச் சேர்க்கும். வாராந்த ஏற்றுமதியின் மின்னஞ்சல் இப்போது கந்தோரின் பொது முகவரிக்கு வருகிறது, திங்கட்கிழமை அதை இறக்கி வைப்பது பொருளாளரின் வேலை, கையொப்பத்தோடு. சிங்க் லொக்கை நான் வெள்ளிக்கிழமைகளில் திறந்து பார்க்கிறேன்.

டிலீட்டே செய்யக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. என் விபரத்தை அழியுங்கள் என்று ஒருவர் கேட்டால் அழிக்கத்தான் வேண்டும். ஐரோப்பாவில் இருக்கிறவர்களுக்கு 2018 இல் இருந்து அது சட்டப்படியான உரிமை, இலங்கையிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும் அழித்தால் மற்றப் பக்கம் அவரைத் திரும்ப உயிர்ப்பித்துவிடும் என்பதை நான் கண்ணால் கண்டவள். அதனால் அப்படிக் கேட்டவருக்கு ஒழுங்கு இது: முதலில் அவரைச் சிங்க்கில் இருந்து விலக்கி, இரு பக்கமும் ஒரே நாளில் அழித்து, அனுப்பக்கூடாத முகவரிகளின் பட்டியலில் அவருடைய மின்னஞ்சலை மட்டும் வைத்திருப்பது.

முழுதும் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மஞ்சள் நிறத்தில் நின்றவர்களில் பலருக்கு நானே தனித்தனியாக எழுதினேன், உங்கள் பதிவில் ஒரு குழப்பம், கடைசியாக எப்போது உதவினீர்கள் என்று சொல்ல முடியுமா என்று. வெட்கமாக இருந்தது, ஆனால் அநேகமானோர் அன்பாகப் பதில் எழுதினார்கள், சிலர் பற்றுச்சீட்டைப் படம் எடுத்தும் அனுப்பினார்கள். அந்தக் கனடா அம்மாவுக்கு இரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பி, ஐயாவின் பதிவு சரியாகிவிட்டது, இனி வராது என்று சொன்னேன். அவர் தந்ததெல்லாம் ஒரு வருஷமும் விடாமல் இப்போது அவர் பெயரிலேயே இருக்கிறது. பதில் வராதவர்களின் பதிவு ஒரு தனிக் குழுவாக, கடிதம் போகாதபடி நிறுத்தி வைத்திருக்கிறது. அவர்களாகத் தொடர்புகொள்ளும்போது இலக்கம் கொடுத்துச் சேர்ப்போம். அதுவரை அந்தக் குழுவை யாரும் துப்புரவாக்கக் கூடாது என்று பட்டியலின் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.